படுத்த படுக்கையான அம்மாவுக்கு முதியோர் இல்லம்: எதைப் பார்த்து நம்புவது?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி மறுபடி எழுதிக்கொள்கிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும். அம்மாவுக்கு 79 வயது. ஏழு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சு ஓரிரு சொற்களோடு நின்றுவிட்டது. நெடுநாளாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார்கள். இதுவரை பார்த்துக்கொண்ட அக்காவுக்கு முதுகுத்தண்டில் கோளாறு. இனித் தூக்கிப் புரட்ட முடியாது. நீங்கள் சிங்கப்பூரில். கோவையைச் சுற்றி நர்ஸ் வசதியுள்ள மூன்று இல்லங்களைப் பார்த்திருக்கிறீர்கள். முதலாவது கோயிலும் தோட்டமுமாகப் புதிய கட்டடம். இரண்டாவதில் தரைத்தளத்தைக் காட்டிவிட்டு, தொற்று வந்துவிடும் என்று சொல்லி மாடிக்கு விடவில்லை. மூன்றாவது பழைய வீடு, 14 பேர் மட்டும். கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்கிறீர்கள்.

நான் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதன் பிறகு புண்ணுக்குக் கட்டுப் போட இல்லங்களுக்குப் போய்வருகிறேன். படுக்கைப்புண் வந்த பிறகுதான் என்னை அழைப்பார்கள். அதனால் ஓர் இல்லத்தை நான் அறிவது புண் வழியாகத்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒருவர் மல்லாந்து அசையாமல் கிடந்தால் உடலின் பாரம் முழுவதும் குதிகால், இடுப்பின் பின்புறம், புட்டம், தோள்பட்டை, பின்னந்தலை என்று எலும்பு துருத்தும் இடங்களில் இறங்குகிறது. அழுத்தம் தொடர்ந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று சதை சாகத் தொடங்கும். சர்க்கரைக்காரர்களுக்கு இது இன்னும் விரைவு. பாடப்புத்தகத்தில் முதல் அறிகுறி சிவப்பு என்றிருக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ, சொதசொதப்பாகவோ இருக்கும். அப்போதே கண்டுகொண்டு அந்த இடத்தில் பாரம் படாமல் புரட்டிப் படுக்கவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டால் தோல் உரியும், பிறகு குழி விழும், நான்காம் நிலையில் எலும்பே தெரியும். அந்த நான்காம் நிலைக்குத்தான் எனக்கு அழைப்பு வருகிறது. ஒவ்வொரு முறையும் மனம் பொறுக்காமல்தான் கட்டை அவிழ்க்கிறேன், ஏனென்றால் அதில் பெரும்பாலானவை வந்திருக்கவே வேண்டாதவை.

முன்பின் தெரியாத ஒருவரின் போர்வையை விலக்கிப் பார்க்கச் சொல்லவில்லை. கேள்வி கேட்டாலே போதும். இங்கே படுக்கையிலேயே இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் புண் உள்ளவர்கள் எத்தனை பேர், அவற்றில் இங்கே சேர்ந்த பிறகு வந்த புண் எத்தனை என்று கேளுங்கள். நல்ல இல்லத்தின் நர்ஸ் விரல்விட்டு எண்ணி உடனே சொல்வார்: ஒன்பது பேர், இரண்டு புண், ஒன்று மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்தது, ஒன்று எங்கள் தவறு, ஆறிவருகிறது என்று. “எங்கள் தவறு” என்று சொல்லத் தெரிந்த நர்ஸை நான் நம்புவேன். “புண்ணா, இங்கே யாருக்கும் வராது” என்று மேலாளர் சிரித்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். புண் வரும் அபாயத்தை முன்கூட்டியே கணிக்க பிரேடன் அளவுகோல் என்று ஒன்று 1980களிலிருந்து இருக்கிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என்று ஆறு அம்சங்களுக்கு மதிப்பெண், மொத்தம் 23. பதினெட்டோ அதற்குக் கீழோ வந்தால் ஆபத்து. சேர்க்கும் அன்றே அதைப் போட்டு எழுதிவைக்கும் இல்லங்களும் இருக்கின்றன. போடுகிறார்களா என்று கேளுங்கள்.

படுத்திருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். அதற்கு ஓர் அட்டவணை கட்டிலோரம் தொங்கும். ஓர் இல்லத்தில் நான் கட்டுப் போட்டு முடித்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். அந்த அம்மாள் காலையிலிருந்து மல்லாந்தேதான் கிடந்தார் என்பது முதுகில் பதிந்த பாய்விரிப்பு மடிப்பிலேயே தெரிந்தது. அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று வரிசையாக டிக். நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும்கூட டிக் போட்டிருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு. மாலை ஆறு மணிக்கான பதிவு முன்கூட்டியே முடிந்துவிட்டது. அன்று முதல் எந்த இல்லத்துக்குப் போனாலும் பதிவேட்டில் இனி வரவேண்டிய நேரம் காலியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். மருந்துப் பதிவேடும் அப்படித்தான்: மாத்திரை கொடுத்தவர் கையெழுத்து, கொடுக்காமல் விட்ட நாளில் காரணம், வெவ்வேறு கையெழுத்துகள், அடித்தல் திருத்தல். உண்மையான பதிவேடு அழுக்காகத்தான் இருக்கும்.

அந்த உதவியாளர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குப் பதினோரு பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுக்கப் படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு ஊட்ட ஒரு வேளைக்கு 25 நிமிடம், மூன்று வேளைக்கு 75. டயப்பர் நான்கு முறை மாற்றித் துடைக்க 40. உடம்பு துடைத்து உடை மாற்ற 30. பகலில் ஆறு முறை திருப்ப 30. மாத்திரை, தண்ணீர், வாய் கழுவ 20. மொத்தம் 195 நிமிடம், மூன்றே கால் மணி நேரம். பன்னிரண்டு மணி நேர வேலையில் 720 நிமிடம்தான் இருக்கிறது. நான்கு பேரைப் பார்ப்பதற்கே நேரம் பத்தாது. அவர் சாப்பிடவும் உட்காரவும் வேறு வேண்டும். நடமாடுகிறவர்களுக்கு இவ்வளவு நேரம் ஆகாது என்பது உண்மை. ஆனால் படுக்கையில் இருக்கும் பத்துப் பேரை ஒருவர் பார்க்கிறார் என்றால் ஏதோ ஒன்று தினமும் விடுபட்டுத்தான் ஆக வேண்டும். விடுபடுவது எப்போதும் சத்தம் போடாதவருக்குரியது. உங்கள் அம்மாவால் கூப்பிட முடியாது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

ஆகவே “எத்தனை பணியாளர்கள்” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். சமையல்காரர், காவலாளி, ஓட்டுநர் எல்லோரையும் சேர்த்து ஒரு நல்ல எண்ணைச் சொல்வார்கள். நேற்று இரவு பத்து மணிக்கு இந்தத் தளத்தில் விழித்திருந்தவர்கள் யார் யார், பெயர் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அடுத்து, போன தீபாவளிக்கு இருந்த உதவியாளர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள் என்று. வாரக்கணக்கில் ஆள் மாறும் இடத்தில் உங்கள் அம்மா முகம் சுளித்தால் அது வலியா, பசியா, ஈரமா என்று யாருக்கும் பிடிபடாது. அதற்கு மாதங்கள் பழக வேண்டும்.

இந்த ஆள் கணக்கில் அமெரிக்காவே ஏமாந்திருக்கிறது. அங்கே 2008 முதல் நர்சிங் இல்லங்களுக்கு அரசே ஐந்து நட்சத்திரம் வரை தரம் போட்டு வெளியிடுகிறது. ஆட்கள் எத்தனை என்பதை முதலில் இல்லங்களே எழுதிக்கொடுத்தன. பிறகு சம்பளப் பட்டியலை வைத்துத்தான் காட்ட வேண்டும் என்று விதி வந்து, 2018 முதல் அதை வைத்து நட்சத்திரம் கொடுத்தபோது, பல இல்லங்களில் முன்பு சொன்னதைவிட ஆட்கள் குறைவு, சனி ஞாயிறுகளில் இன்னும் குறைவு என்று வெளிவந்தது. நம்மிடம் அப்படி ஒரு தரப்பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. நம் கண்தான் பட்டியல். எனவே ஞாயிற்றுக்கிழமை போங்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போங்கள்.

மருத்துவத் தரத்தை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவரான அவேடிஸ் டோனபீடியன் 1966 இல் ஒரு கட்டுரையில் அமைப்பு, செய்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்தார். கட்டடம், உரிமம், ஆட்கள் முதலாவது. அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்பது இரண்டாவது. அதனால் முதியவர் எப்படி இருக்கிறார் என்பது மூன்றாவது. இல்லம் தேடுகிறவர்கள் முதலாவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். லிஃப்ட், கைப்பிடி, வழுக்காத தரை, ஆக்சிஜன் எல்லாம் தேவைதான். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பதிவுச் சான்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்தும் கொள்ளலாம். சான்று இல்லாத இடம் வேண்டவே வேண்டாம். சான்று இருப்பதால் மட்டும் அம்மாவின் வாய் நனையும் என்று நினைத்துவிடவும் வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தில் போகச் சொல்வேன். ருசி பார்ப்பதற்காக இல்லை. ஊட்டும் கையைப் பார்ப்பதற்காக. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது கடினம். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். இந்த வயதில் அதுவே உயிரை எடுக்கும். ஓர் இடத்தில் தலையணையில் சாய்ந்து கிடந்த பாட்டியின் வாயில், நின்றபடியே, சாம்பாரில் பிசைந்த இட்லியை ஒரு வாய் விழுங்கும் முன் அடுத்த வாயாகத் திணித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு நிமிடத்தில் தட்டு காலி. பாட்டியின் கன்னத்தில் பாதி இட்லி அப்படியே ஒதுங்கியிருந்தது. இன்னொரு இல்லத்தில் ஒரு பெண், ஸ்டூலை இழுத்துப்போட்டு முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தாத்தாவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டியை எடுத்தார். முடித்ததும் விரலில் துணி சுற்றிக் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தார். அரை மணி நேரம் படுக்க விடவில்லை. அந்த இல்லத்தின் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. என் தாயை அங்கே விடுவேன்.

அம்மாவுக்கு வலதுபுறம் செயலிழந்திருப்பதால் சில விஷயங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அழைப்பு மணி எந்தக் கைப்பக்கம் இருக்கிறது? தண்ணீர்த் தம்ளர்? இரண்டும் இடது கைக்கு எட்ட வேண்டும். கட்டிலை ஒரே மாதிரி வரிசையாகப் போட்டு, மணியை எல்லோருக்கும் வலப்பக்கச் சுவரில் பொருத்தியிருந்தால் அது இருந்தும் பயனில்லை. அங்கே இருக்கும் ஒருவரின் மணியை, அவரிடம் கேட்டுவிட்டு, அழுத்திப் பாருங்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, பக்கவாதக்காரரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை ஒருமுறை பாருங்கள். செயலிழந்த கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுத்தால் தோள் மூட்டு நழுவும். அந்த வலியை அவரால் சொல்லவும் முடியாது. பயிற்சி பெற்றவர் இடுப்பைப் பிடித்து, தன் முழங்காலால் அவர் முழங்காலுக்கு அணை கொடுத்து மாற்றுவார். பார்த்த உடனே வித்தியாசம் தெரியும்.

சர்க்கரைக்கு ஒரே ஒரு கேள்வி: இன்சுலின் போட்ட எத்தனை நிமிடத்தில் சாப்பாடு கைக்கு வரும்? இன்சுலினை ஆறு மணிக்கு எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டு, எட்டரைக்கு இட்லி வரும் இடங்கள் உண்டு. பேச முடியாதவருக்குச் சர்க்கரை இறங்கினால் தூங்குகிறார் என்று நினைத்துவிடுவார்கள். 70க்குக் கீழே வந்தால் என்ன செய்வீர்கள் என்று இரவு வேலையில் இருப்பவரிடமே கேளுங்கள், மேலாளரிடம் இல்லை.

மாலை ஆறு மணிக்கே எல்லோரும் ஆழ்ந்து தூங்கும் இல்லம் அமைதியான இல்லம் என்று ஏமாந்துவிடாதீர்கள். க்வெட்டியாபின், ரிஸ்பெரிடோன், லோராசெபாம் போன்ற மாத்திரைகள் சிலருக்கு உண்மையிலேயே தேவைப்படும். ஆட்கள் போதாத குறையை மறைக்கவும் அவை பயன்படுகின்றன. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு, இவற்றில் முதல் இரண்டும் சேர்ந்த மனநோய் மாத்திரை வகையால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005 இலேயே எச்சரித்திருக்கிறது. எந்தத் தூக்க மாத்திரையையும் எந்த மருத்துவர் எதற்காக எழுதினார் என்று உங்களுக்குச் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கட்டிப்போடுவதும் அப்படியே. பழைய துப்பட்டாவாலும் வேட்டிக் கிழிசலாலும் கட்டில் கம்பியோடு மணிக்கட்டைக் கட்டிவைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். விழாமல் இருக்கத்தான் என்பார்கள். மணிக்கட்டில் வளையம் போலத் தோல் கருத்துப் பளபளத்தால் அது ஒரு நாள் கட்டியது இல்லை.

கேட்கக் கூச்சப்படும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு முடி வெட்டிவிடுவார்களா என்று கேளுங்கள். பேன், சிக்கு, நேரம் என்று காரணம் சொல்லிச் சேர்த்த வாரத்திலேயே எல்லோருக்கும் ஒட்ட வெட்டிவிடும் இடங்கள் உண்டு. இரட்டைப் பின்னல் போட்டு வளர்ந்து, எண்பது வயது வரை கொண்டை முடிந்தவர், கேட்காமல் வெட்டப்பட்ட தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. உடை அவரவருடையதா, சலவையிலிருந்து வரும் எந்த நைட்டியோ அதுவா? குளிப்பாட்டும்போது திரை இழுக்கிறார்களா? பெண்களுக்குப் பெண்களே செய்கிறார்களா? பெயர் சொல்லி “சரஸ்வதிம்மா” என்கிறார்களா, “மூணாம் நம்பர் பெட்” என்கிறார்களா?

மொழியும் கவனிக்க வேண்டியது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பெண்கள் இப்போது இல்லங்களில் நிறையப் பேர். அவர்களில் என்னைவிடப் பக்குவமான கைகளை அறிவேன். ஆனால் ‘வலி’, ‘தண்ணி’, ‘பாத்ரூம்’, ‘குளிருது’, ‘வேண்டாம்’ என்று ஓர் இருபது சொல்லாவது கற்றுக்கொடுத்திருக்கிறார்களா? அம்மாவிடம் மிஞ்சியிருக்கும் ஓரிரு சொற்கள் எவை, எந்தச் சைகைக்கு என்ன பொருள் என்று அக்கா ஒரு தாளில் எழுதிக் கட்டிலோரம் ஒட்டட்டும். அதை ஒட்டுவதற்கு எதிர்ப்புச் சொல்லும் இல்லம் தேவையில்லை.

மேலாளரிடம் கடைசியாக ஒன்று: இங்கே கடைசியாக விழுந்தவர் யார், எப்போது, அதன் பிறகு எதை மாற்றினீர்கள்? முதியவர்கள் எங்கும் விழுவார்கள். “யாரும் விழவில்லை” என்ற பதில் எழுதிவைக்கவில்லை என்பதையே காட்டுகிறது. பிறகு வாசலுக்கு வந்து, பார்க்க வந்த வேறு குடும்பத்தார் இரண்டு பேரிடம் பேசுங்கள். குறைப்பட்டதற்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். முன்பணம், இடையில் அழைத்துச்சென்றால் திருப்பித் தருவது, மருத்துவமனைக்கு யார் கூட வருவார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

சேர்த்த பிறகும் பார்க்க வேண்டும். முதல் நாளே எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நிற்க முடியாதவரை எப்படி எடை பார்ப்பீர்கள் என்று கேட்டால் அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். நாற்காலித் தராசு இருக்க வேண்டும், அல்லது ஒருவர் தூக்கிக்கொண்டு நின்று தன் எடையைக் கழிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஐந்து சதவீதம் குறைந்தால் அது எச்சரிக்கை. அம்மா 50 கிலோ என்றால் இரண்டரைக் கிலோ. வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் காட்டச் சொல்லாதீர்கள்; வாரம் ஒருமுறை நர்ஸ் குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் அக்காவுக்கு நேரில் காட்டட்டும். மோசமாக ஏதேனும் கண்டு, இல்லம் காது கொடுக்காவிட்டால் முதியோர் உதவி எண் 14567 ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.

இனி உங்கள் மூன்று இல்லங்கள். இரண்டாவதை விட்டுவிடுங்கள். தொற்றுக்குப் பயந்தால் கை கழுவச் சொல்லலாம், முகக்கவசம் தரலாம், ஒருவரை மட்டும் விடலாம். மாடியில்தான் படுக்கையில் இருப்பவர்கள் இருப்பார்கள். உங்கள் அம்மாவும் அங்கேதான் போவார். காட்ட முடியாத இடத்தில் விட முடியாது. முதலாவதில் தோட்டம் அழகுதான். சக்கர நாற்காலியில் அம்மாவை அங்கே தள்ளிக்கொண்டு போக ஆள் இருக்கிறதா என்று மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். தோட்டத்தில் நடமாட முடிந்தவர்கள் மட்டும் இருந்தால் அது உங்கள் அம்மாவுக்கான தோட்டம் இல்லை. மூன்றாவது பழைய வீடு என்பது குறையே இல்லை. 14 பேரில் படுக்கையில் இருப்பவர் எத்தனை, இரவில் நர்ஸ் உண்டா அல்லது உதவியாளர் மட்டுமா, இன்சுலின் போடுவது யார் என்று தெரிய வேண்டும். வரும் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அக்காவை அங்கே போகச் சொல்லுங்கள், முன்கூட்டிச் சொல்லாமல். கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆனது, யார் விழித்திருந்தார்கள், அட்டவணையில் பத்து மணிக் கட்டம் காலியாக இருந்ததா, மணி எந்தக் கைப்பக்கம் தொங்கியது என்று அவர் பார்த்துவந்ததை எனக்கு எழுதுங்கள். அதன் பிறகு முன்பணம் கட்டுவதைப் பற்றிப் பேசலாம்.